பச்சையா நறுக்கினா போதும்

"மெனு கார்டு எங்கம்மா?" என்று கேட்ட மறுகணமே வங்கி மேலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார். விவசாயிகள் சந்தைக்குள், அறுவடைக் காலத்தில் மட்டும் திறக்கும் அந்த உணவகத்துக்கு வாராவாரம் வருவதாக அவர் வழியெல்லாம் அளந்துகொண்டு வந்திருந்தார்.

"இங்க மெனுவே கிடையாது சார். வெளிய கடைகள்ல உங்களுக்குப் பிடிச்ச காயை வாங்கிட்டு வாங்க, நாங்க சமைச்சுத் தருவோம்" என்றாள் பரிமாறும் பெண்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு பேராசிரியர். மேலாளரின் மகளுக்குப் பார்த்திருக்கும் பையனின் அப்பா. இருவரின் மனைவிமாரும், மகளும் பையனும்கூட அதே மேசையில்தான் இருந்தார்கள். எத்தனை முறை சந்தித்தாலும் 'யோசிச்சுச் சொல்றேன்' என்பதை அவர் தாண்டியதே இல்லை. இன்று எப்படியாவது அவரைத் தலையாட்ட வைத்துவிடுவது என்று மேலாளர் கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

முறை ஏதும் மாறியிருக்கிறதா என்று சோதித்துப் பார்த்ததாகச் சமாளித்து, கூடையோடு எழுந்தார். வீட்டில் காய் வாங்குவது மனைவியின் இலாகா. சந்தையில் ஒரு காயோடும் அவருக்கு முகப் பழக்கம் கிடையாது. பொம்மைக் குடமிளகாய் போலச் செக்கச்செவேலென்று மின்னிய எதையோ கூடை நிறைய அள்ளினார்.

கூடையைப் பார்த்ததும் பெண்ணின் புருவம் ஏறியது. இதை எப்படிச் சமைக்கச் சொல்கிறீர்கள் என்று இழுத்தாள். சமையல் பேச்சு வளர்ந்தால் தன் வண்டவாளம் வெளியே வந்துவிடும் என்று மேலாளர் பயந்தார்.

"சமைச்சா ருசியே போயிடும்மா. பச்சையா நறுக்கினா போதும்."

"நான் நறுக்கக்கூட விடமாட்டேன். எனக்கு முழுசாவே குடு" என்றார், எதிலும் பின்தங்கிப் பழக்கமில்லாத பேராசிரியர்.

தட்டு வந்தது. மேலாளர் ஒரு துண்டை வாயில் போட்டார். முதலில் இனித்தது. அப்புறம் காது வழியாகப் புகை வருவதுபோல் இருந்தது. துப்பினால் மானம் போய்விடும் என்று விழுங்கினார். எதிரே பேராசிரியர் நாற்காலிக் கையைப் பிடித்தபடி மென்றுகொண்டிருந்தார். இருவர் கன்னத்திலும் தாரை தாரையாகக் கண்ணீர் வழிந்தது.

"பொண்ணைப் பிரியணுமேன்னு அழறீங்களா?" என்று மேலாளரின் மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பேராசிரியரின் மனைவி கணவரையே வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். "கல்லு மாதிரி இருக்கிற மனுஷன். இவரே உருகிட்டாருன்னா இனிமே யோசிக்க என்ன இருக்கு? முடிச்சுடலாம் சம்பந்தி."

நாக்கு மரத்துப்போன பேராசிரியரால் தலையை ஆட்ட மட்டுமே முடிந்தது. வயிறு எரிந்தாலும் மேலாளருக்கு மனசு குளுகுளுவென்று இருந்தது. மகளும் பையனும் வந்ததிலிருந்து குனிந்த தலை நிமிரவில்லை. நல்ல வளர்ப்பு என்று இரண்டு தாய்மார்களும் பூரித்துப்போனார்கள்.

பெரியவர்கள் இருவருக்கும் குளிர்ந்த பால் கொண்டுவந்த பெண், அப்போதுதான் இளசுகளின் முகத்தைக் கவனித்தாள்.

"அட, நீங்களா? போன மாசம் இங்க நடந்த உங்க கல்யாண விருந்துக்கு அத்தனை பேர் வந்தாங்க, அப்பா அம்மாவை மட்டும் காணோமேன்னு நெனச்சேன். இவங்கதானா?"