அம்மா பாட்டு ட்ரிப் ஆகிறது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம், சமையலறை பிரேக்கரைத் தவிர. அங்கே நீயும் உன் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றாலும் முதலில் என் புகாரைக் கேள்.

மெயின் பாக்ஸை மட்டும் மாற்றிவிடாதே என்று போன தடவை வந்தபோது சொல்லிவிட்டு நீ மகராசனாகக் கிளம்பிவிட்டாய். இங்கே ஒரு வாரமாக பிரேக்கர் டப்டப்பென்று விழுகிறது, ஃபிரிட்ஜ் நின்று பால் திரிகிறது. எலக்ட்ரீஷியனை அழைத்தேன். பெட்டியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பத்து வயதில் ஒவ்வொரு பிரேக்கர் மேலும் பிளாஸ்திரி ஒட்டி எழுதினாயே, எந்த அறை என்று எழுதினாயா, படுபாவி? “அப்பா குரட்டை” (எந்த ர என்றுகூடத் தெரியாமல்), “அக்கா கண்ணாடி”, “பேய்”, “அம்மா பாட்டு”. அக்கா கண்ணாடி எதும்மா என்று கேட்டுவிட்டு மனுஷன் என் நரைத்த தலையைப் பார்க்கிறார். மானம் போயிற்று. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டுமாம். “பேயை ஆஃப் பண்ணலாமாம்மா?” என்று பவ்யமாகக் கேட்டார், நானும் தலையாட்டித் தொலைத்தேன். பேய் என்றால் நீ தனியாகப் போகப் பயந்த பாத்ரூம் என்பதும், அதற்குள் உன் அத்தான் கண்ணெல்லாம் சோப்போடு நிற்கிறார் என்பதும் அவர் இருட்டில் அலறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

கடைசியில் அம்மா பாட்டு. இருந்தவரை சமையலறையில் ரேடியோவுக்குப் போட்டியாகப் பாடுவாளே, நாம் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவோமே, அந்த லைன். மிக்ஸி, ஃபிரிட்ஜ் எல்லா பிளக்கையும் பிடுங்கியாயிற்று, லீவரை ஏற்றினால் விழுகிறது. வயரையே கழற்றிப் பார்த்தார், அப்போதும் விழுகிறது. “வயரிங்ல குத்தம் இல்லம்மா. பிரேக்கர்தான் உள்ள தேஞ்சு போச்சு. அம்மா பாட்டு இனிமே நிக்காது” என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பாவம் அவர், சின்ன பிரேக்கர்தாம்மா, அரை மணியில புதுசு போட்டுடலாம்னு என்னைத் தேத்தறார்.

அழுது முடிச்சதும் கோபம் வந்தது. பெட்டியையே மாத்திடுங்கன்னு சொல்லிட்டேன். இனி படுக்கையறை, குளியலறை, சமையலறைன்னு பெரிய மனுஷங்க வீடு மாதிரி எழுதிக்கப் போறோம். உன்னைக் கேட்கலை, தகவல் சொல்றேன். போன்ல அடம் பிடிக்காதே.

வேளைக்குச் சாப்பிடு. உன் மனைவிக்கு என் அன்பு. இரண்டு பேரும் நூறு வருஷம் நல்லா இருங்க.

இப்படிக்கு,
கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்ட உன் அக்கா

பி.கு.: பெட்டியை மாத்தலைடா. அந்த ஒரு பிரேக்கர்தான் புதுசு. பேயைக் கிழிச்சுடச் சொல்லி உன் அத்தான் கெஞ்சினார், முடியாதுன்னுட்டேன். புதுசுல என்ன எழுதட்டும்னு எலக்ட்ரீஷியன் பேனாவோட நின்னார். சமையலறைன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. பிளாஸ்திரி வாங்கி வெச்சிருக்கேன், நீயே வந்து எழுது. அவர் சொன்னதை அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். அம்மா பாட்டு இனிமே நிக்காதுன்னுதானே சொன்னார்? சரியாத்தான் சொல்லியிருக்கார்.