துப்பாக்கியில் மூன்று விபூதிப் பட்டை

திருத்தங்கல்,
ஐப்பசி 10.

மரியாதைக்குரிய மைத்துனர் முத்துக்கிருஷ்ணன் அவர்களுக்கு, உங்கள் அக்காவைக் கட்டிய ரத்தினசாமி எழுதிக்கொண்டது. இங்கே நானும், உங்கள் அக்கா செல்வலட்சுமியும், கீழே அச்சாபீஸில் ஓடும் இரண்டு ஆப்செட் மெஷின்களும் சௌக்கியம். கோயம்புத்தூரில் நீங்களும் குடும்பத்தாரும் அதேபோல இருக்க மாரியம்மன் துணை.

போன வாரம் போனில் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "அப்பா துப்பாக்கில ஒரு பொட்டுத் துரு இருந்தாலும் என் பேருக்கு மாத்திக்கிடுவேன் அத்தான். கார்த்திகை பொறந்ததும் பாக்க வாரேன்" என்றீர்கள். தாராளமாக வாருங்கள், இரண்டு நாள் தங்கிச் சாப்பிட்டுப் போங்கள். துப்பாக்கிக்காக வர வேண்டியதில்லை. அது இரும்பில் செய்த குழந்தையைப் போல என்னிடம் இருக்கிறது. உங்களுக்கும் தெரியும், மாமா என்னை இருபத்தாறு வருஷம் "அச்சாபீஸ்காரர்" என்றுதான் கூப்பிட்டார். அந்த இரட்டைக் குழல் துப்பாக்கியை என் பேருக்கு எழுதிக் கையில் கொடுத்த அன்றைக்குத்தான் முதல் தடவையாக "பத்திரமா வச்சுக்கோங்க மாப்ளே" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதனால் அதை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

துப்பாக்கிக்கு என்ன எண்ணெய் போடுவது என்பதில் இந்த மாவட்டத்தில் என்னளவு அனுபவம் உள்ளவர் வேறு யாரும் இருக்க முடியாது. முதலில் போட்டது உங்கள் அக்கா தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய். மணம் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் எறும்புகள் வலது குழல் வழியாக உள்ளே போய் இடது குழல் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தன. நம் பஸ் ஸ்டாண்டில்கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது. அப்போது நம் மெஷின்மேன் பாண்டிராஜ், "மெஷினுக்கு விடுற ஆயில விடுங்க மொதலாளி. அம்புட்டுப் பெரிய மெஷினே அதுல ஓடுது, இது ரெண்டு குழாய்தான" என்றான். நியாயமாகப் பட்டது. தாராளமாகத் தடவி, ஊறட்டும் என்று மெஷின் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். காலண்டர் சீசன், சாமி படம் ஓடிக்கொண்டிருந்தது. ஈர மை அடுத்த தாளில் ஒட்டாமல் இருக்க மெஷின் ஒரு பவுடரைத் தூவுமே, அது பாதி தாளிலும் பாதி துப்பாக்கியிலும் விழுந்திருக்கிறது. நான் வந்து பார்த்தபோது பஜ்ஜி மாவில் முக்கிய வாழைக்காய் மாதிரி கிடந்தது. ஆயிலும் பவுடரும் பசையாகி, குழலை மடக்கித் திறக்கும் இடம் இறுகிவிட்டது. நான் ஒரு பக்கமும் பாண்டிராஜ் ஒரு பக்கமுமாக இழுத்தோம். என்ன சத்தம் என்று பார்க்க வந்த பைண்டிங் பெண்கள் துப்பாக்கியைக் கண்டதும் தாளைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார்கள். கடைசியில் மண்ணெண்ணெய் ஊற்றியதும் மறுபேச்சு இல்லாமல் திறந்தது.

அதன் பிறகு மதுரைக்கே போய், துப்பாக்கிக் கடையில் அதற்கென்றே உள்ள எண்ணெயைக் கேட்டு வாங்கினேன். கடைக்காரர் சிறிய பாட்டிலைக் கொடுத்து, "துணில ரெண்டு சொட்டு தொட்டு மெல்லிசாத் தடவுங்க. அதுக்கு மேல வேண்டாம்" என்றார். இரண்டு சொட்டு இவ்வளவு காக்குமென்றால் முழுப் பாட்டில் எவ்வளவு காக்கும் என்று நான் யோசித்தேன். அவர் யோசிக்கவில்லை. குழலை மேலே பார்க்க நிறுத்தி முழுவதையும் ஊற்றி, பீரோவில் பூட்டினேன். எண்ணெய் அங்கே நிற்காமல் கீழே இறங்கி மரக்கட்டைக்குள் போய்விட்டது. கட்டை இப்போது கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது, தோளில் வைத்தால் வலிக்காது. இரும்பும் பளபளவென்று இருந்தது. புரட்டாசி வரை உங்கள் வாயை அடைக்கக்கூடிய நிலையில்தான் துப்பாக்கி இருந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்த உங்கள் அக்கா, "எங்க அப்பா துப்பாக்கி மட்டும் என்ன பாவம் செஞ்சது? அதுவும் ஆயுதந்தான?" என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். எண்ணெய்ப் பிசுக்கில் விபூதி ஒட்டவில்லை. அதற்காக அவள் சீயக்காய் போட்டு, நார் வைத்து, வெங்கலப் பானையைத் தேய்ப்பதுபோலத் தேய்த்திருக்கிறாள். நான் அப்போது பூசணிக்காய் வாங்கப் போயிருந்தேன். வந்து பார்க்கையில், குளித்த ஈரத்தோடு இரண்டு குழலிலும் மூன்று பட்டை குழைத்த விபூதி, நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். பார்க்கக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டேன். துடைத்துவிடுகிறேன் என்றபோது, "சாமி முன்னால வச்சத மறுபூசை முடியாமத் தொடக் கூடாது. ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?" என்றாள். மறுநாள் மழை. மறுபூசை முடிந்தபோது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. விபூதியைத் துடைத்தேன். பட்டை போகவில்லை. அதே இடத்தில், அதே அகலத்தில், செம்பட்டை நிறத்தில் மூன்று பட்டையும் நடுவில் ஒரு பொட்டும் இருக்கிறது.

இதைத் துரு என்று நீங்கள் சொல்வீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. துரு என்பது தாறுமாறாகப் பிடிக்கும். இது அளவெடுத்தது போல இருக்கிறது. பாண்டிராஜ்கூட உற்றுப் பார்த்துவிட்டு, "பிரிண்ட் சுத்தமா விழுந்திருக்கு மொதலாளி" என்றான். முப்பது வருஷமாக அச்சுத் தொழிலில் இருக்கிறவன் சொல்கிறான். ஆகையால் துப்பாக்கி துருப்பிடிக்கவில்லை, மாமாவின் பொருள் என்னிடம் நல்லபடியாக இருக்கிறது, அது இங்கேயேதான் இருக்கும். இந்தப் பேச்சை இத்துடன் முடித்துக்கொள்வோம்.

உங்கள் வீட்டில் தங்கைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம். உங்கள் அக்கா உங்களுக்குச் சேவு பார்சல் போடச் சொல்கிறாள், போடுகிறேன்.

இப்படிக்கு,
உறுதியுடன்,
ரத்தினசாமி.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ஸ்டேஷனிலிருந்து ஏட்டு சீனிவாசகம் வந்துவிட்டார். துப்பாக்கி லைசென்ஸை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டுமாம். என்னுடையது ஆடியிலேயே முடிந்துவிட்டது. எண்ணெய் விஷயத்தில் இருந்த கவனத்தில் காகிதத்தைப் பார்க்கவில்லை. துப்பாக்கியை நானே தூக்கிக்கொண்டு போய் ஒப்படைத்துவிட்டு வந்தேன். ரசீதில் 'நிலை' என்று ஒரு கட்டம் இருந்தது. ஏட்டு குழலைத் திருப்பிப் பார்த்து, "துருப்பிடித்தது" என்று எழுதினார். நான் பட்டை, பொட்டு எல்லாம் விளக்கினேன். "கையெழுத்துப் போடுங்கய்யா" என்றார். போட்டேன்.

அதனால் நீங்கள் கார்த்திகை வரை காத்திருக்க வேண்டாம். சீக்கிரம் வந்து உங்கள் பேருக்கு எழுதிக் கேளுங்கள், நான் எங்கே வேண்டுமானாலும் சம்மதம் எழுதித் தருகிறேன். இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன். நீங்கள் வருகிறவரை துரு பரவக் கூடாது என்று ஏட்டிடம் கெஞ்சினேன். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வாங்க. என் முன்னால வச்சு எண்ணெ போட்டுட்டுப் போங்க" என்று சொல்லியிருக்கிறார். மாமா கையில் முப்பது வருஷம் இருந்தும் அதில் ஒரு புள்ளி விழவில்லை. அவர் என்ன எண்ணெய் போட்டார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கூட இருந்து பார்த்தவர் நீங்கள்தான். கடிதம் வர நாளாகும் என்பதால் இதையெல்லாம் படம் எடுத்து உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். பார்த்ததும் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.