பதினாறு நண்டும் நாலு ஜிபியும்

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் நண்டுத்திட்டுக்கு வந்த பேருந்தில் நிற்க இடமில்லை. பொன்னேரியிலிருந்தே கூட்டம். ஒருவர் மடியில் மிக்ஸி. ஒரு அம்மாள் டிவி ரிமோட்டைக் கைக்குழந்தை மாதிரி துணியில் சுற்றி வைத்திருந்தாள். பழவேற்காட்டில் இரண்டு பேர் படகு இஞ்சினையே ஏற்றப் பார்த்தார்கள். நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் என்றதும் பக்தி குறைந்து இறங்கிக்கொண்டார்கள். எல்லோரும் போனது ஏரி மீனவர் சங்கக் கட்டடத்துக்கு. காரணம் வாசலில் பேனராகத் தொங்கியது.

"கணினிச் சித்தர் சுபாஷானந்தா வருகை! சர்வர், லேப்டாப், செல்போன்களைப் பிடித்த கண்ணேறு, செய்வினை, ஏவல் நீக்கப்படும். வைரஸுக்குத் தனிக் கட்டணம்."

சித்தர் இமயமலையில் பன்னிரண்டு ஆண்டு தவம் செய்தவராம். மூன்று வருஷத்துக்கு முன்பு மீஞ்சூர் ரயில் நிலையத்துக்கு எதிரே செல்போன் உறை விற்ற சுபாஷ்தான் அவர். நானே அவரிடம் ஓர் உறை வாங்கியிருக்கிறேன். ஒரு மாதத்தில் கிழிந்தது. பன்னிரண்டு ஆண்டுத் தவத்தை மூன்றே வருஷத்தில் முடித்தாரே, அவர் செய்த உண்மையான சித்து அது ஒன்றுதான்.

நானும் போனேன். வேடிக்கை பார்க்கத்தான் என்று வீட்டில் சொன்னேன். சட்டைப்பையில் சார்ஜ் ஏறாத என் போன் இருந்ததை வீட்டில் சொல்லவில்லை.

சித்தர் எதற்காக எங்கள் ஊருக்கு வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏரி நண்டு சென்னை வழியாக வெளிநாடு போகிறது. இந்த வருஷம் அங்கே வாங்குகிறவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். ஒவ்வொரு நண்டையும் யார், என்றைக்கு, எந்த இடத்தில் பிடித்தார்கள் என்று கணினியில் பதிந்திருக்க வேண்டும். பதியாத நண்டு வேண்டாம். அதற்கு ஒரு மென்பொருளையும் கொடுத்தார்கள். ஜாவாவில் எழுதிய பெரிய சாமான் அது. சாதாரணக் கணினியில் ஏறாது, சர்வர் வேண்டும். நிறுவுவதற்கு முன் என்னென்ன இருக்க வேண்டும் என்று இரண்டு தாளில் அச்சடித்தும் கொடுத்தார்கள். ரேம் பதினாறு ஜிபி. டிஸ்க்கில் நூறு ஜிபி காலி இடம். அறுபத்து நாலு பிட் சிஸ்டம். ஜாவா பதினேழாம் பதிப்பு. கடைசி வரி: இவற்றில் ஒன்று குறைந்தாலும் நிறுவல் பாதியில் நின்றுவிடும்.

எவ்வளவு யோக்கியமான தாள்! எது இல்லாவிட்டால் நடக்காது என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கிறான். எந்தச் சாமியார் அப்படிக் கொடுத்தார்?

சங்கத் தலைவர் தருமலிங்கம் அந்தத் தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார். நடுவில் குங்குமம் வைத்தார். கண்ணாடிச் சட்டம் போட்டு அம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். படிக்க மட்டும் இல்லை. பூஜைக்கு வந்துவிட்டதைப் படிப்பது மரியாதைக் குறைவு அல்லவா? சர்வரைத் தன் மச்சானை விட்டு வாங்கிப் போட்டார்.

சங்கத்தில் கணினி பார்க்கிற பெண் காவியா. அவள் அம்மா ராஜாத்தி, ஓலையில் முடைந்த பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிறவள். அப்படிக் கையால் பிடிக்கிற குடும்பங்களில் கல்லூரிக்குப் போன முதல் பெண் காவியாதான். வலை வைத்திருக்கும் எங்கள் ஆட்களுக்கு அது ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் உறுத்தல்.

காவியா மென்பொருளை ஏற்றினாள். முப்பத்தேழு சதவீதத்தில் நின்றது. மறுபடியும் ஏற்றினாள். அதே முப்பத்தேழு.

"தலைவரே, ரேம் பத்தல. அது பதினாறு கேக்குது, இதுல நாலுதான் கீது" என்றாள்.

"புது மெஷினும்மா. மேல ஒட்டுன ஸ்டிக்கர் கூட இன்னும் உரிக்கல."

"ஸ்டிக்கர் புதுசுதான் தலைவரே. உள்ள பழசு."

"என் மச்சான் வாங்கினது. அவன் இன்னா என்னையே ஏமாத்துவானா?" என்றார் தருமலிங்கம். மூன்றாம் முறையும் முப்பத்தேழில் நின்றது. அதோடு முடிந்தது காவியாவின் கதை.

ஏன் மூன்று என்றால், எங்கள் ஊரில் அது ஒரு கணக்கு. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை நாங்கள் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வோம். பாடு என்று அதற்குப் பெயர். நல்ல ஏற்பாடு, சண்டை வராது. ஆனால் சீட்டில் வருவது அம்மன் வாக்கு என்று ஒரு நம்பிக்கையும் கூடவே ஒட்டிக்கொண்டது. மூன்று தரம் போட்டும் ஒருவன் பெயர் வராவிட்டால் அவனிடம் ஏதோ குற்றம் என்பார்கள். சர்வரையும் சீட்டு மாதிரியே எடுத்துக்கொண்டார்கள். அம்மன் மூன்று தரம் வேண்டாம் என்றுவிட்டாள். அப்படியானால் குற்றம் யாரிடம்?

அதைச் சொல்லத்தான் அந்த வாரம் செவ்வாய்க்கிழமை சித்தரை அழைத்து வந்தார்கள். அவர் சர்வர்மேல் கை வைத்தார், கண்ணை மூடினார், உடம்பைக் குலுக்கினார்.

"சேத்துல தடவுற கை இதுல பட்டிருக்கு. ராசியில்லாத கை. அந்தக் கை இருக்கிற வரைக்கும் மெஷின் ஏத்துக்காது" என்றார்.

தருமலிங்கத்தின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பின்னே? கையில் குற்றம் என்றால் மச்சானிடம் குற்றம் இல்லை.

காவியாவை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் வேறு ஆள் வருவார் என்றார்கள். வேலை போனதோடு விட்டதா? மறுநாளிலிருந்து கரையில் ராஜாத்தியின் இறாலை ஒருவரும் வாங்கவில்லை. மகள் கைக்கு ராசியில்லை என்றால் தாய் கைக்கு மட்டும் எங்கிருந்து வரும்? மூன்று நாள் பிடித்த இறாலைக் குடிசை வாசலில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள் அந்த அம்மாள். நான்கூட வாங்கவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

சித்தரும் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். எலுமிச்சை ஒன்பது. தேங்காய் ஏழு. ஆண் நண்டு பதினாறு, ஒவ்வொன்றும் முக்கால் கிலோவுக்குக் குறையாமல், உயிரோடு. சாமி சைவம். நண்டின் சக்தியை மட்டும்தான் எடுத்துக்கொள்வார். உடம்பு மீஞ்சூர் மார்க்கெட்டுக்குப் போய்விடும்.

அந்தப் பட்டியலை ஊரே மனப்பாடம் செய்தது. வெள்ளிக்கிழமை காலை எண்ணிப் பார்த்தால் பதினைந்து நண்டுதான். பதறிப்போனார்கள். ஒன்று குறைந்தால் பூஜை பலிக்காதே! நாலு பக்கமும் ஆள் ஓடியது. வெளிநாட்டுக்காரன் கேட்ட பதினாறு ஜிபியில் பன்னிரண்டு குறைந்ததே, அதற்கு ஓர் ஆளாவது ஓடினானா?

கடைசியில் பெரிய நண்டு இருந்த ஒரே இடம் ராஜாத்தியின் கூடை. விடிகாலையில் கையால் பிடித்தது. சித்தரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். சித்தர் நண்டைப் பார்த்தார். கொடுக்கின் தடிமனைப் பார்த்தார்.

"நண்டுக்குத் தோஷமில்லை" என்று தீர்ப்புச் சொன்னார்.

"நண்டை நாங்களேதான் எடுத்தாருவோம். இல்லன்னா இல்ல" என்றாள் ராஜாத்தி. அப்படித்தான் தாயும் மகளும் உள்ளே வந்தார்கள்.

பூஜை தொடங்கியது. சாம்பிராணிப் புகையில் சர்வரே இருமும்போல இருந்தது. சித்தர், சிவப்பு நூல் சுற்றிய பென் டிரைவ் ஒன்றைச் செருகினார். சுட்டியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கண்ணை மூடினார். திரையில் பச்சைக் கோடு கிளம்பியது. பத்து, இருபது, முப்பது. முப்பத்தேழைத் தாண்டியதும் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நூறு! உடனே அம்மன் படம் தோன்றியது.

"இப்போ அம்பாள் சங்கத்தோட பேரை எழுதுவா. விரல் என்னுது, எழுத்து அவளுது" என்றார் சித்தர். மூடிய கண்ணோடு கீபோர்டில் தட்டத் தட்ட, ஏரி மீனவர் சங்கம் என்று ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் வந்தது.

காவியா நண்டுக் கூடையைக் கீழே வைத்தாள். சர்வருக்குப் பின்னால் கையை விட்டாள். ஒரு ஒயரைப் பிடுங்கித் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள்.

"இது கீபோர்டு ஒயரு. என் கைல கீது. எழுத்து எப்டி வந்துக்கினு கீது?"

சித்தர் கண்ணைத் திறக்காமல் தட்டிக்கொண்டே இருந்தார். 'நண்டுத்திட்டு' என்றும், 'வாழ்க' என்றும் எழுத்துகள் வந்தபடியே இருந்தன. கூட்டம் ஒயரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தது. ஆகா, புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"யப்பா! ஒயரே இல்லாம எழுதறாருப்பா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. நூறு கைகள் தலைக்குமேல் குவிந்தன. நான் தலையில் அடித்துக்கொண்டேன். சித்தர் ஒற்றைக் கண்ணைத் திறந்து நிலவரத்தைப் புரிந்துகொண்டார்.

"அம்பாளுக்கு ஒயர் எதுக்கு?" என்றார் கம்பீரமாக.

காவியா கோபப்படவில்லை. என்னால் அது முடிந்திருக்காது.

"செரி சாமி, ஒயரு வேணாம். இது எங்க அம்மா புடிச்ச நண்டு. இத்த பதியத்தானே மெஷினு? எடைய மட்டும் எழுதச் சொல்லுங்க. ஒரே ஒரு நண்டு."

படகு இஞ்சின் மெக்கானிக் தானியேல் முன்வரிசையில் நின்றிருந்தார். எதையும் திறந்து பார்க்காமல் பேசாத மனுஷர். அவரே நண்டைத் தூக்கித் தராசில் வைத்தார்.

"எண்ணூத்தி அறுவது கிராம். எழுதுங்க சாமி" என்றார்.

திரை கறுத்தது. நடுவில் ஒரு முக்கோணம், கீழே நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி என்று ஒரு கணக்கு. அம்பாள் தந்த அருளின் மொத்த நீளம். காவியா சுட்டியால் முக்கோணத்தைத் தட்டினாள். மறுபடி பத்து, இருபது, முப்பது. மறுபடி அம்மன். மறுபடி ஏரி மீனவர் சங்கம். நண்டு மட்டும் வரவில்லை.

"இது வீடியோ. எத்தினி தபா தட்னாலும் இதான் வரும். போன மாசம் வேற ஊர்ல இவரு பண்ண பூஜைய போன்ல அனுப்பி இருந்தாங்க. ரெண்டு கையும் கீபோர்டு மேல கீது, ஆனா திரையில அம்புக்குறி தானா நவுருது. அப்பவே தெரிஞ்சிப்போச்சி" என்றாள் காவியா.

"அவநம்பிக்கை உள்ள இடத்துல அம்பாள் நிக்கமாட்டா" என்றார் சித்தர்.

"செவ்வாக்கெழம எம் பொண்ணு கைல தோஷம்ன. இப்ப இத்தினி பேரு மனசுல தோஷமா? உன் பென் டிரைவ்ல மட்டும் தோஷமே வராதா?" என்று கேட்டாள் ராஜாத்தி.

தானியேல் சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றினார். கண்ணாடியை எடுத்துவிட்டுக் குங்குமத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். அதற்குக் கீழே பதினாறு ஜிபி என்று இருந்தது. காவியா சர்வரின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து, உள்ளே செருகியிருந்த ஒரே ஒரு ரேம் பட்டையைக் காட்டினாள். அதில் நாலு ஜிபி என்று இருந்தது. அதன்மேல் இரண்டு வருஷத் தூசியும் இருந்தது.

"கட்டுமரத்து இஞ்சின வெசப்படகுல மாட்டிட்டு, ஓடலன்னா சுக்கான் புடிச்சவன் கைல தோஷம்பியா தலைவரே?" என்றார் தானியேல்.

"மச்சான்கிட்ட கேக்கறேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார் தருமலிங்கம்.

இந்தச் சந்தடியில் சித்தர் நண்டுக் கூடையோடு நழுவப் பார்த்தார். பேருந்து நிறுத்தத்தில் மடக்கினார்கள். என்ன கேட்டார்கள் தெரியுமா? நண்டைக் கேட்டார்கள். அவரவர் நண்டை அடையாளம் பார்த்துத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். காவியாவிடம் போய் "தப்பாப் பேசிட்டோம்மா" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மறுநாள் ரேம் வந்தது. காவியாவையும் திரும்பக் கூப்பிட்டார்கள். வேறு யாருக்குத் தெரியும்? அவள் தாளை மேசைமேல் விரித்து, ஒவ்வொரு வரியாகப் பார்த்துப் பென்சிலால் கோடு போட்டாள். ஜாவாவும் பழைய பதிப்பாக இருந்தது, மாற்றினாள். எலுமிச்சை இல்லை, சாம்பிராணி இல்லை. இருபத்திரண்டு நிமிஷத்தில் மென்பொருள் ஏறிவிட்டது. முதல் பதிவு: நண்டு, எண்ணூற்று அறுபது கிராம், பிடித்தவர் ராஜாத்தி, கையால்.

தருமலிங்கம் பூரித்துப்போனார்.

"அடடா! உன் கை ராசியான கைம்மா!" என்று ஊர் கேட்கக் கத்தினார்.

அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது ராஜாத்தியின் குடிசை வாசலில் வரிசை. செல்போன், மிக்ஸி, ரிமோட். ஒருவர் கைக்குழந்தையையே கொண்டுவந்திருந்தார், ராத்திரியெல்லாம் அழுகிறதாம்.

"காவியா, ஒரே ஒரு தபா தொட்டுக் குடும்மா. ராசியான கை" என்று கெஞ்சினார்கள்.

காவியா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். ராஜாத்தி வெளியே வந்தாள்.

"நேத்து வரைக்கும் இந்தக் கை பட்டா மெஷினு நின்னுபூடும், எறாலு நாறிப்பூடும்னீங்க. இன்னிக்கு இதே கை பட்டா செத்த போனு பேசுமா? எம் பொண்ணு கைல ராசியும் இல்ல, தோஷமும் இல்ல. ரெண்டு தாளு குடுத்தாங்க, படிச்சா. அவ்ளோதான். அவ கைய உடுங்க. உங்க கழுத்துக்கு மேல ஒண்ணு கீதே, மொதல்ல அத்த தொட்டுப் பாருங்க, வேல செய்யுதான்னு!"