அப்படியே இருங்க, வாரேன்

தப்பு செய்தவனைத் திட்ட ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். தப்பு செய்தவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, நாங்கள் ‘மேல்வரி’ என்று கூப்பிட்டவர்தான். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பைப் கடை மாடியில் இருந்த எங்கள் ஆபீசில் அவருக்கு நாற்காலி உண்டு. அதில் அவருடைய பை மட்டும் உட்கார்ந்திருக்கும். அவர் நடந்துகொண்டே இருப்பார். புரோகிராம் அடிப்பதும் நின்றபடிதான். நாலு வரி அடிப்பார், ஜன்னல் வரை போவார், திரும்பி வந்து அதில் மூன்றை அழிப்பார். பார்க்கிற நமக்குக் கால் வலிக்கும்.

எங்கள் கம்பெனி செய்தது ஒரு சின்னப் பெட்டி. மோட்டாரோடு அதை மாட்டிவிட்டால் போதும், வீட்டிலிருந்தபடியே போனில் தமிழில் கட்டளை அடிக்கலாம். ‘மோட்டார் ஓடு 6 முதல் 8 வரை.’ பெட்டி அதன்படி செய்யும். ஆனால் மனிதர்கள் அப்படியா அடிக்கிறார்கள்? ஒருவர் ‘முதல்’ போட மறப்பார். ஒருவர் ‘மோட்டர்’ என்பார். ஒருவர் கட்டளைக்கு நடுவில் மச்சானை நலம் விசாரித்திருப்பார். அவர்களுடைய போன்களை எடுத்துப் பேசுவது என் வேலை. எனக்குப் பொறுமை என்ற சாமான் பிறவியிலேயே கிடையாது.

மேல்வரிக்கோ ஒவ்வொரு தப்பும் ஒரு புதையல். ஆபீசுக்கு வந்து அடித்துப் பார்க்கிற யாராவது புதிதாக ஒரு தப்பு செய்துவிட்டால் முகமெல்லாம் பல்லாகிவிடும். “அண்ணே, இது இதுவரைக்கும் யாரும் செய்யாததுண்ணே! வாங்க, டீ சாப்பிடுவோம்” என்று இழுத்துக்கொண்டு படியிறங்குவார். திரும்பி வந்ததும் அந்தத் தப்புக்கென்று ஒரு பதில் எழுதி வைப்பார். இடைவெளியைச் சரிசெய்ய ஒரு புரோகிராம் துண்டு, விட்டுப்போன சொல்லைத் தேட ஒரு துண்டு, பக்கத்துச் சொல்லை யூகிக்க ஒரு துண்டு என்று குட்டிக் குட்டியாக எழுதி எல்லாவற்றையும் ‘சில்லறை வேலை’ என்ற பெயரில் சேர்த்து வைத்திருந்தார். மோட்டாரை ஓட்டுகிற புரோகிராமைவிட இந்தச் சில்லறை பெரிதாகிவிட்டது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தப் பதில்களில் ‘தவறு’, ‘தப்பு’ என்ற சொற்கள் வரவே கூடாது என்பது அவர் சட்டம். ‘மோட்டர்னு இருக்குங்க. மோட்டார்தானே? ஆமான்னா 1 அழுத்துங்க.’ ‘மச்சான் நல்லாருக்காரான்னு எனக்குத் தெரியலங்க. மத்தது புரிஞ்சுது.’ எல்லாவற்றிலும் அவர் அடிக்கடி எழுதியது, ‘இந்த வரி சரியாத்தான் இருக்கு. மேல் வரியப் பாருங்க’ என்பது. கோளாறு எப்போதும் பெட்டி முழிக்கிற இடத்தில் இருக்காது, அதற்கு முந்தின வரியில்தான் இருக்கும் என்பார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

வாழ்க்கையிலும் மனிதர் அப்படியேதான். ‘அனைவரும் நேரத்துக்கு வரவும்’ என்று முதலாளி நோட்டீஸ் ஒட்டினால், அடியில் பென்சிலால், ‘எந்த நேரம்னு விட்டுப்போச்சுங்க. பத்து மணிதானே?’ என்று எழுதியிருக்கும். பொன்னமராவதிப் பக்கம் பெண் பார்க்கப் போனபோது துணைக்கு என்னையும் கூட்டிப் போனார். பஜ்ஜி சாப்பிட்டாயிற்று. பெண்ணின் அப்பா, “கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்” என்றார். இவர் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். “எப்பன்னு விட்டுப்போச்சுங்களே. வெள்ளிக்கிழமைக்குள்ளன்னு சொல்ல வந்தீங்களா?” உள்ளே அந்தப் பெண் சிரித்தது வாசல்வரை கேட்டது. அப்பா சிரிக்கவில்லை, அங்கேயே பதிலைச் சொல்லிவிட்டார். பஸ்சில் வரும்போது இவர், “எப்படியோ தெளிவாச் சொல்லிட்டாருண்ணே” என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

வம்பு வந்தது அவருடைய கடைசிப் பதிலால். எந்தத் துண்டுக்கும் பிடிபடாத புதுத் தப்பு வந்தால் என்ன சொல்வது என்று ஒரு வாரம் நடந்துவிட்டு இப்படி எழுதியிருந்தார்: ‘இந்தத் தப்பு எனக்கே புதுசுங்க. அப்படியே இருங்க, வாரேன்.’ சட்டத்தை மீறி ஒரே ஒரு இடத்தில் ‘தப்பு’ வந்ததற்குக் காரணம் கேட்டேன். “இது பாராட்டுண்ணே” என்றார்.

ஒருநாள் மதியம் இலுப்பூரிலிருந்து ஒரு விவசாயியின் போன். “என்னங்க, காலையிலேருந்து உக்காந்திருக்கேன், இன்னும் வரலையே?”

“யாருங்க வரணும்?”

“வாரேன்னு பெட்டி சொல்லுச்சே! அப்படியே இருங்கன்னுச்சு. ஒண்ணுலயும் கைவைக்காம இருக்கேன். சோத்துக்குக்கூட வீட்டுக்குப் போகலை.”

நான் சிரித்தேன். மேல்வரி சிரிக்கவில்லை. பையை நாற்காலியிலிருந்து எழுப்பித் தோளில் போட்டுக்கொண்டு இலுப்பூர் பஸ்சைப் பிடிக்க ஓடினார். மறுநாள் முதலாளி குதித்தார். “யோவ், மிஷின் எதுக்குய்யா வாக்குக் குடுக்குது?”

அந்தச் சமயத்தில்தான் வெளியூர்க் கம்பெனி ஒன்று எங்கள் பெட்டியை மொத்தமாக எடுத்துக்கொள்வதாகப் பேச்சு வந்தது. அவர்களுக்கு இந்தக் குசலம் எல்லாம் பிடிக்கவில்லை. பிழைக்கு எண் போதும் என்றார்கள். எல்லாப் பதிலையும் தூக்கச் சொன்னார் முதலாளி. தூக்காவிட்டால் ஆளைத் தூக்குவேன் என்றும் சொன்னார். மேல்வரி ஒரு நாள் முழுக்க மொட்டை மாடியில் நடந்துவிட்டு வந்து, தூக்கினார். அதற்குப் பிறகு யார் எந்தத் தப்பு செய்தாலும் ‘பிழை 14’, ‘பிழை 9’ என்று வந்தது. டீக்கடைப் பக்கம் அவர் போகவே இல்லை.

மூன்றாம் நாள், மணமேல்குடி செல்வி அக்கா போன் செய்தார். கணவர் இல்லாமல் தனியாளாக இறால் பண்ணை நடத்துகிறவர். மகளுக்குப் பிரசவம் என்று அறந்தாங்கி ஆஸ்பத்திரியில் இருந்தார். பண்ணையில் காவலுக்கு இருந்தவர் காய்ச்சல் என்று ஊருக்குப் போய்விட்டார். வானம் மூடிக்கொண்டு புழுங்கியது. அப்படிப்பட்ட நாளில் தண்ணீரைக் கலக்கிக் காற்றேற்றும் ஏரேட்டர் ஓடாவிட்டால் இறால் மூச்சுமுட்டிச் செத்து மிதக்கும். இறாலைப் பிடித்து விற்க இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

“ஏரேட்டரப் போடச் சொன்னா அஞ்சாவது வரி, பிழை பதினாலுங்குது தம்பி. பதினாலுன்னா என்ன?”

பிழை எண்களுக்கான புத்தகத்தைப் புரட்டினேன். ‘14: கட்டளை அமைப்பு சரியில்லை.’ அதுதான் அவருக்கே தெரியுமே! மேல்வரி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

“அக்கா, அஞ்ச விடுங்க. மேல் வரியப் படிங்க.”

“அது நேத்துப் போட்டதுப்பா, நல்லாத்தான் இருந்துச்சு. ஏரேட்டர் ஓடு 4 முதல் 6 வரை.”

“இன்னொருக்கா.”

“ஏரேட்டர் ஓடு 4 முதல் 6 வரை. பிள்ளை வேற வலியில கத்துது, நீ ஏம்ப்பா படிக்கச் சொல்லியே உசுர எடுக்குற?”

நடந்த வேகத்தில் அவர் முதலாளி அறைக்குள்ளேயே போய்விட்டார். முதலாளியும் எழுந்து நின்றுவிட்டார். மேல்வரி சட்டென்று நின்றார். அவர் நடை பாதியில் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

“அக்கா, பின்னாலேருந்து படிங்க. கடைசிச் சொல்லு என்ன?”

“ஆறு.”

“வரை எங்கக்கா?”

“அட ஆத்தா! காணோமே! கைபட்டு அழிஞ்சிருச்சு போலயே!”

இல்லாத சொல்லை மனப்பாடத்தில் இரண்டு முறை படித்திருக்கிறார். ‘வரை’யைப் போட்டார். அரை நிமிடத்தில் போனிலிருந்து, “ஓடுதுப்பா, ஓடுதுன்னு வந்துருச்சு!” என்று அழுகையும் சிரிப்புமாகக் குரல் வந்தது. இறால் பிழைத்தது. பேத்தி சாயங்காலம் பிறந்தாள்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, “பழையபடியே போட்டுரு. வெளியூர்க் கம்பெனிக்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா அந்த ‘வாரேன்’ மட்டும் இருக்கக் கூடாது” என்றார்.

“எடுத்துர்றேன் சார்” என்றார் மேல்வரி, உடனே. அத்தனை சுலபமாக அவர் எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரே ஆபீசில் நடந்து நடந்து அலுத்ததோ என்னவோ, அடுத்த வருடம் கோயம்புத்தூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். போன் போட்டால் எடுப்பார். ஆனால் அரை நிமிடம் தாண்ட மாட்டார். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது ஆபீசில் எல்லோரும் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். எனக்குத்தான் இருப்புக் கொள்வதில்லை.

போன வாரம் ஒரு பெட்டியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். என்ன அடித்தேன் என்று எனக்கே தெரியாது, ஏதோ எக்குத்தப்பாக அடித்துவிட்டேன். திரையில் வந்தது: ‘இந்தத் தப்பு எனக்கே புதுசுங்க. அப்படியே இருங்க, வாரேன்.’

வரமாட்டார் என்று தெரியும். ஆனாலும் ஒன்றிலும் கைவைக்காமல், படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன்.