நாற்பது கிலோ மீன் பெட்டியும் நான் எழுதிய விதியும்

"இந்த வருடம் புதிய விதிகள் வந்திருக்கின்றன, இனி அணிகளுக்குள் இடைவெளி குறையும்" என்று டிவியில் கோட்டுப் போட்ட எவனாவது சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. ஏனென்றால், அதே பேச்சை வேதவாக்காக நம்பிய ஒரு மடையனை எனக்குத் தெரியும். அணுபுரம் குடியிருப்பின் மொபெட் பந்தய அணிக்கு அவன்தான் கேப்டன். (நான்தான், வேறு யார்?)

இரண்டாயிரத்துச் சொச்சம். பொங்கலுக்கு நெம்மேலி பக்கம் கடலோரச் சாலையில் எங்களுக்கும் கோவளத்துக்கும் பந்தயம் நடக்கும். மூன்று வருடமாகக் கோவளத்து மீன் வியாபாரி பஷீர் பாய்தான் ஜெயித்தார். கடைசி தடவை ஒரே ஒரு சக்கர நீளத்தில். இன்னொரு முறை தோற்றால் கேப்டன் பதவி என் மச்சினன் சேகருக்கு என்று சங்கத்தில் முடிவாகிவிட்டது. சேகர்! என் வீட்டில் மூன்று வேளையும் தின்றுகொண்டே என் பதவிக்குக் குறிவைத்த பயல்!

டிவி கார் பந்தயத்தில் ஒரே அணி ஜெயிக்கிறது என்று விதிகளை மாற்றினார்களே, நானும் மாற்றினேன். 'வண்டியில் சுமை கூடாது' என்ற பழைய விதியை அடித்துவிட்டு, 'போன வருடம் ஜெயித்தவர் நாற்பது கிலோ சுமையோடு ஓட்ட வேண்டும்' என்று எழுதினேன். சங்கச் செயலாளரும் நானே என்பதால் ஏகமனதாக நிறைவேறியது.

பாயிடம் போய்ச் சொன்னேன்.

"இன்னா சார், நெஜமாவா? சுமையோடவா?"

"விதி பாய். நான் என்ன பண்றது?"

"மீன் பொட்டி கட்டிக்கலாமா?"

"நாற்பது கிலோ இருந்தா எதை வேணா கட்டிக்குங்க."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். (சிரித்திருக்கிறார். அந்தத் துண்டின் மேல்கூட எனக்குக் கோபம் தீரவில்லை.)

பந்தயம் தொடங்கியது. முதல் வளைவில் கடல்காற்று தார் முழுக்க மணலைப் பரப்பி வைத்திருந்தது. என் காலி வண்டியின் பின்சக்கரம் கரகாட்டம் ஆடியது. பாயின் வண்டியோ ஐஸ் போட்ட மீன் பெட்டியின் கனத்தில் தரையைக் கவ்விக்கொண்டு கோடு போட்டதுபோல் போனது. என்னைத் தாண்டும்போது கத்தினார்:

"டெய்லி இத்தோடதான் சார் செங்கல்பட்டு வரைக்கும் போறேன்! பொட்டி இல்லாமதான் மூணு வருசமா வண்டி பேஜாரு பண்ணிக்கினு இருந்திச்சி!"

இத்தனை நாள் அந்த மனுஷனைக் கட்டிப்போட்டிருந்தது பழைய விதி. அவிழ்த்துவிட்ட புண்ணியவான் நான்.

"விதி வாபஸ்! பெட்டியை இறக்குங்க!" என்று, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியிலிருந்தே சங்கக் கூட்டம் நடத்தினேன். எழுந்து நின்று இன்னொரு முறை கத்தியதுதான் தாமதம், வண்டி என்னைச் சவுக்குத் தோப்புக்குள் கொண்டுபோய்ப் போட்டது. செயின் அறுந்து, தள்ளிக்கொண்டே போனேன்.

முடிவுக் கோட்டில் கொடியோடு சேகர்.

"மாமா, பெட்டியை இறக்கச் சொன்னீங்களாமே?"

"ஆமாண்டா! இறக்கினாரா இல்லியா?"

"இறக்கிட்டாரு மாமா. வித்தே முடிச்சிட்டாரு."

இன்றும் டிவியில் 'புதிய விதிகள்' என்ற சத்தம் கேட்டாலே சமையலறையிலிருந்து என் மனைவி, "ஏங்க, பெட்டியை ஏத்தணுமா, இறக்கணுமா?" என்பாள். உடனே டிவியை அணைத்துவிடுவேன்.

விதியை மாற்றுவதற்கு முன் வித்தியாசம் ஒரு சக்கரம். மாற்றிய பிறகு, ஒரு பெட்டி சங்கரா மீன் விற்றுத் தீரும் நேரம். கடைசி ஒரு கிலோவை வாங்கியவள் என் மனைவி.