ஆயில் குடிக்கும் ஆவி

வெள்ளிக்கிழமை என்றால் பாளையம்பட்டிக்கு வெளியே உள்ள கருவேலம் பொட்டலில் லாரி நிறுத்த இடம் கிடைக்காது. கரி லாரி, செங்கல் லாரி, ஜல்லி லாரி என்று வரிசை ரோடு வரை நீளும். எல்லா வண்டிக்கும் ஒரே வியாதி. ஓடும்போது ஒன்றும் இல்லை. ரயில்வே கேட்டில் நின்று எஞ்சின் மெதுவாக ஓடும்போது மட்டும், ஸ்டியரிங்குக்கு முன்னால், ஆயில் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் ஆயில் விளக்கு சிவப்பாக எரியும்.

இதற்குப் போய் மெக்கானிக்கைத் தேடுகிறவன் மூடன். விவரமானவர்கள் எஞ்சின் சித்தரிடம் வருவார்கள்.

எஞ்சின் சித்தரின் பழைய பெயர் பாண்டீஸ்வரன். நான்கு வருடம் முன்புவரை லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஞானம் வந்தது. ஊசியை வீசிவிட்டார். இப்போது காவி வேட்டி, கழுத்தில் உருத்திராட்சத்தோடு சேர்த்துக் கோத்த பேரிங் குண்டுகள்.

அவருடைய கண்டுபிடிப்பு இதுதான்: ரோட்டில் அடிபட்டுச் செத்தவர்களின் ஆவி தாகத்தோடு அலைகிறது, லாரிக்குள் புகுந்து ஆயிலைக் குடிக்கிறது.

"ஓடுறப்ப ஏன் சாமி வெளக்கு எரியல?" என்று ஒருவர் கேட்டார்.

"ஓடுறப்ப எப்படிலே குடிக்கும்? குலுங்குமில்ல? நின்னாத்தான் ஒக்காந்து குடிக்கும்."

கூட்டம் புல்லரித்துப் போனது. ஆவிக்குப் புரையேறிவிடக் கூடாது பாருங்கள்!

வைத்தியமும் சுலபம். லாரிக்காரர் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பார்த்தால் ஆவி அவர் மேல் தாவிவிடும். சித்தரின் மச்சினன் செல்வக்குமார் சாம்பிராணிச் சட்டியோடு வண்டிக்கு அடியில் போவான். புகை கிளம்பும். சித்தர் உறுமுவார். பூசணிக்காய் உடையும். கண்ணைத் திறந்து வண்டியை ஸ்டார்ட் செய்தால் விளக்கு எரியாது. ஆண் பிள்ளைகள் குலவை போடாத குறைதான்.

பரளச்சி மொக்கையன் அப்படிக் குணமாக்கிக்கொண்டு போனவர். கரி லோடு அடிக்கும் பழைய லாரி ஒன்று அவருக்கு உண்டு. ஓட்டுவது அவர் மனைவி துர்காதேவி. சுற்று வட்டாரத்தில் லாரி ஓட்டும் ஒரே பெண். பூசை நடந்த அன்று அவள் தன் தங்கச்சியின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் மொக்கையன் ஆயில் அளவு பார்க்கக் கம்பியை உருவினார். உருவியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏய் துர்கா, இங்கன வா! ஆயில் கொறையல. ஏறியிருக்கு! மேல் கோட்டையும் தாண்டி நிக்கிது. சாமி குடுத்த அட்சய பாத்திரம்டி!"

துர்காதேவி கம்பியை வாங்கினாள். கும்பிடவில்லை. மோந்து பார்த்தாள்.

"டீசல் நாறுது. ஆயிலோட டீசல் கலக்குது. தண்ணியாப் போயிருச்சு, பாருங்க."

"சாமி குத்தம் பேசாத."

அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட் செய்யவில்லை. பேட்டரி விளக்கு எரிந்தது. ஆயில் விளக்கு எரியவில்லை. பத்து வருடமாகச் சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைந்த விளக்கு அது. முந்தின வாரம்தான் வீரபத்திரனின் செங்கல் லாரி, சித்தர் குணமாக்கிய வண்டி, பந்தல்குடிப் பக்கம் எஞ்சின் இறுகி நடுரோட்டில் நின்றது. ஸ்டியரிங் திரும்பாமல், எதிரே வந்த பஸ்ஸில் மோதாமல் ஒரு முழத்தில் தப்பினான். சித்தர் காரணம் சொன்னார்: பூசைக்குப் பிறகு கோழி தின்றானாம். எஞ்சின்கூட இப்போது சைவம்தான் கேட்கிறது!

அந்த வெள்ளிக்கிழமை துர்காதேவி லாரியைப் பொட்டலுக்கே கொண்டுபோனாள். கூடவே சேக் முகம்மதையும் ஏற்றிக்கொண்டாள். பதினெட்டு வருடம் வளைகுடா நாட்டில் லாரி ரிப்பேர் பார்த்துவிட்டு, அருப்புக்கோட்டையில் பட்டறை வைத்திருப்பவர். மடியில் ஆயில் அழுத்தம் பார்க்கும் முள் மீட்டர் ஒன்றை வைத்திருந்தார். மொக்கையன் வழியெல்லாம் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.

துர்காதேவி பூசைக்கு நடுவில் போய் நின்றாள்.

"சாமி குணமாக்குன வண்டிக்காரவுக எல்லாரும் சாவியத் திருப்புங்கண்ணே. ஸ்டார்ட் பண்ண வேண்டாம். ஆயில் வெளக்கு எரியுதா?"

நன்றிப் பூசைக்கு வந்திருந்தவை பதினோரு லாரிகள். பதினொன்றிலும் எரியவில்லை.

"எரியாதும்மா! ஆவிதான் ஓடிப்போச்சே!" என்று சிரித்தார் சித்தர். கூட்டமும் சிரித்தது.

"இப்ப வைத்தியத்துக்கு வரிசையில நிக்கிறவுக திருப்புங்க."

எல்லா வண்டியிலும் எரிந்தது.

"எஞ்சின் ஓடாதப்ப பம்பு சுத்தாது. பம்பு சுத்தலேன்னா அழுத்தம் ஏது? அப்ப அந்த வெளக்கு கட்டாயம் எரியணும். எரியலேன்னா, வியாதி போகல. வெளக்குக்குத்தான் கண்ணு போச்சு."

சிரிப்பு நின்றது. சேக் முகம்மது துர்காதேவியின் லாரிக்கு அடியில் நுழைந்து, ஆயில் விளக்குக்குப் போகும் வயரைப் பிடித்து வெளியே காட்டினார். நறுக்கென்று வெட்டி, நுனியில் கறுப்பு டேப் சுற்றி, மேலே விபூதி பூசியிருந்தது. விபூதியை மட்டும் மறக்கவில்லை, பக்திமான்கள்.

"தீட்டு! பொம்பள தொட்ட வண்டி!" என்று கத்தினார் சித்தர்.

"பத்து வருசமா நாந்தான் ஓட்டுறேன். தீட்டு இப்பத்தான் வருதா?"

சேக் முகம்மது வயரை ஒட்டினார். விளக்கு எரிந்தது. எஞ்சின் பிளாக்கில் மீட்டரை மாட்டி, வண்டியைச் சூடேறும்வரை ஓடவிட்டார். ஆக்சிலேட்டரை மிதித்தபோது முள் ஏறியது. காலை எடுத்ததும் அடிமட்டத்துக்கு விழுந்தது. சிவப்பு விளக்கும் எரிந்தது.

"டீசல் பம்பு கசிஞ்சு ஆயில்ல கலக்குது தாயி. ஆயில் நீர்த்துப்போச்சு. வேகமா ஓடுறப்ப பம்பு வேகமாச் சுத்தி சமாளிக்கும். மெதுவா ஓடுறப்ப முடியாது. இன்னும் ரெண்டு லோடு அடிச்சிருந்தா பேரிங் தேஞ்சு எஞ்சினே போயிருக்கும்."

கூட்டத்தில் நின்ற வீரபத்திரன் பாய்ந்து போய்ச் செல்வக்குமாரின் சட்டையைப் பிடித்தான்.

"எம் வண்டியிலயும் வெட்டுனியாடா?"

"மச்சான் சொன்னாரு, வெட்டுனேன். எனக்கு வயரு வேலை மட்டுந்தாண்ணே தெரியும். ஆவி எல்லாம் அவரு பாத்துக்கிருவாரு."

வீரபத்திரன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். பஸ்ஸில் அன்று முன்சீட்டில் உட்கார்ந்திருந்த பள்ளிப் பிள்ளைகளின் முகம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை என்றான். எல்லா ஆவியையும் விரட்டிய சித்தர், கூட்டம் தன் பக்கம் திரும்பியதும் வேட்டியை மடித்துக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் ஓடினார். முள் குத்தி நொண்டியவரைப் போலீஸ் வந்து பத்திரமாக ஏற்றிக்கொண்டது.

டீசல் பம்பைச் சரிசெய்து, ஆயிலை மாற்றியதும் மொக்கையனின் லாரி பிழைத்தது. மற்ற பதினோரு வண்டியில் நான்குக்குக் கோளாறு, ஆயில் அழுத்தம் பார்த்து விளக்கை எரியவிடும் சுவிட்சில்தான். புது சுவிட்ச் மாட்டியதோடு சரி. ஐந்துக்கு எஞ்சின் பிரிக்கும் வேலை. மீதி இரண்டுக்கும் ஆயில் மாற்றியே வருடக்கணக்காகி இருந்தது. ஆவிக்குக்கூட அந்தக் கசடு பிடித்திருக்காது.

பட்டறையில் நின்ற ஒருவர் துர்காதேவியிடம் மெதுவாகச் சொன்னார்: "அந்தச் சித்தன் டூப்புதாம்மா. ஆனா திருச்சுழியில ஒருத்தர் இருக்காரு, கியர்பாக்ஸுக்கு மட்டும் பாப்பாரு. அவரு நெசமான சாமி."

துர்காதேவி வண்டியில் ஏறிக்கொண்டே சொன்னாள்:

"டயரத் தட்டிப் பாக்காம வண்டி எடுக்க மாட்டீகள்ல? சாமியாரையும் ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டுக் கும்பிடுங்கண்ணே. உள்ள வெறும் காத்துதான்னு தெரிஞ்சுரும்."