காலால் இறங்கும் நஞ்சு

சுன்னாகம் சந்தையில் வெங்காயம் வாங்க நின்றவர்கள் அதைத்தான் கதைத்தார்கள். பருத்தித்துறை பஸ்ஸில் தொங்கியவர்களும் அதைத்தான் கதைத்தார்கள். கோப்பாயில் ஒரு சாமி வந்திருக்கிறார். கால் இரண்டையும் அவருடைய தண்ணீருக்குள் வைத்தால் போதும், உடம்பிலுள்ள நஞ்செல்லாம் உள்ளங்காலால் இறங்கிவிடும். இறங்கியதைக் கண்ணாலேயே காணலாம்.

சாமியின் பெயர் தெளிநீர் அடிகள். சனவரி முதலாம் திகதி கடை திறந்தார். மன்னிக்கவும், ஆச்சிரமம் திறந்தார். நாள் பார்த்துத்தான் திறந்திருக்கிறார். டிசம்பர் முழுக்க, வெளிநாட்டால் வந்த சொந்தங்களோடு கேக்கும் கொத்துரொட்டியும் ஆட்டிறைச்சியுமாகக் கிடந்த சனம், புதுவருடம் பிறந்ததும் திருந்துவதாகச் சபதம் எடுக்கும். விடியற்காலையில் நடக்கும். சீனியைக் கண்டால் முகத்தைத் திருப்பும். ஒரு கிழமை போனதும் முழங்கால் நோகும், நாக்கு அழும். நடக்கவும் வேண்டாம், வாயைக் கட்டவும் வேண்டாம், கதிரையில் இருந்தால் போதும் என்று அந்த நேரம் பார்த்து ஒருவர் சொன்னால், அவர் கடவுளாக இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்?

அப்படிச் சபதம் எடுத்தவர்களில் ஒருவர் அருளம்பலம். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. நீரிழிவு அவரோடு கூடவே ஓய்வு பெறவில்லை. இந்த வருடம் தேநீருக்குச் சீனி இல்லை, மிதிவெடி இல்லை, நீரிழிவுக் குளிசை தவறாது, தினமும் இருபாலைச் சந்திவரை நடை என்று மனைவி மகாதேவியிடம் வாக்குக் கொடுத்தார். மிதிவெடி என்றால் பயப்பட வேண்டாம். முட்டையும் இறைச்சியும் வைத்துப் பொரித்த ரோல்தான். வெடிப்பது தின்றவரின் இரத்தப் பரிசோதனையில்.

மகாதேவியும் கூடவே நடந்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் இருவரும் சேர்ந்து இவ்வளவு கதைத்ததில்லை.

ஆனால் ஒரு நாள் அருளம்பலம் சந்திவரை போகவில்லை. வழியில் ஆச்சிரமத்து வாசலில் பழைய சிநேகிதர்கள் வரிசையில் நிற்பதைக் கண்டு தானும் நின்றுகொண்டார். படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள் எல்லாம் முன்னுக்கே நின்றார்களாம். அதுவே அவருக்குப் போதிய சான்றாக இருந்தது.

உள்ளே கதிரைகள், ஒவ்வொன்றின் முன்னாலும் கால் வைக்க ஒரு பிளாஸ்டிக் பேசின். பேசினுக்குள் உப்புத் தண்ணீர். அதற்குள் 'பிணிவாங்கித் தண்டு' என்று சாமி பெயரிட்ட ஒரு இரும்புத் தண்டு. தண்டிலிருந்து போகும் வயரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது மந்திரம் போகும் வழி என்று சாமியே சொல்லிவிட்டார். கால்களைத் தண்ணீரில் வைத்ததும் மடியிலிருந்து பேசின் மறையும்வரை காவித்துணி போர்த்துவார்கள். நஞ்சு இறங்கும்போது பார்த்தால் திரும்பவும் ஏறிவிடுமாம். அரை மணித்தியாலம் கழித்துத் துணியின் ஓரத்தைத் தூக்கிச் சாமி முதலில் தண்ணீரைப் பார்ப்பார், பிறகு கால் வைத்தவருக்கும் காட்டுவார். தெளிந்த தண்ணீர் சேறுபோல் மாறியிருக்கும். மண்ணிறம் ஆட்டிறைச்சி, பச்சை பித்தம், வெள்ளை நுரை டொக்டர்மார் கொடுத்த குளிசை என்று விளக்குவார்.

வாழ்நாளில் மீன்கூடத் தொடாத ஒரு பெண்மணியின் தண்ணீரும் மண்ணிறமாகத்தான் வந்தது. போன பிறப்பில் தின்ற இறைச்சி என்றார் சாமி. அந்தப் பெண்மணி கையெடுத்துக் கும்பிட்டாள்.

அருளம்பலம் உற்சாகமாக வீட்டுக்கு வந்து, தேநீருக்கு இரண்டு கரண்டி சீனி போடச் சொன்னார். எல்லாம் இறங்கிவிட்டது, இனி எதற்கு வாயைக் கட்டவேண்டும்? நடையும் நின்றது. நுரையைக் கண்டபின் குளிசையும் நின்றது. இறங்கிய நஞ்சு திரும்பவும் சேர்ந்துவிடும் என்பதால் கிழமைக்கு ஒருமுறை போய்க் காலை வைத்துவிட்டு வந்தார். மகாதேவி எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"தண்ணி கறுத்துக் கிடந்ததை என்ரை கண்ணாலை பாத்தனான். நீர் பாக்காமல் கதையாதையும்."

ஒரு பின்னேரம் அவர் கால் நீட்டிப் படுத்திருந்தபோது, பெருவிரலுக்கு அடியில் ஒரு புண்ணை மகாதேவி கண்டாள். ஓரம் வெளுத்து, நடு சிவந்திருந்தது. விரலால் மெல்ல அழுத்தினாள். அவர் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

நோகவில்லையா என்று கேட்டாள். நோகவில்லை, அதுதான் சாமியின் சக்தி என்றார். மகாதேவி யோசித்தாள். இதே புண்ணோடுதான் இந்த மனிதர், ஊரில் எல்லாரும் கால் வைக்கும் பேசினில் கால் வைக்கிறார். நீரிழிவுக்காரரான அவளுடைய பெரியப்பாவுக்கும் நோகவில்லை என்றுதான் தொடங்கியது. காலை வெட்டி எடுத்ததோடு முடிந்தது.

அடுத்த தடவை தானும் வருவதாகச் சொன்னாள். அருளம்பலத்துக்குப் பெருமை பிடிபடவில்லை.

மகாதேவி பெரிய கைப்பையோடு போய்க் கதிரையில் இருந்தாள். கால் வைக்குமுன் மிகப் பணிவாக ஒரு சந்தேகம் கேட்டாள்.

"சாமி, கால் வையாட்டி இந்தத் தண்ணி மாறாதோ?"

"எப்பிடி மாறும் அம்மா? நஞ்சு மனிச உடம்பிலை இருந்துதானே இறங்கோணும்."

கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது. பக்கத்துக் கதிரையில் இருந்த நெல்லியடி லூர்த்தம்மா தலையாட்டினாள். துணி போர்த்தி, சாமி கண்ணை மூடி மந்திரம் சொல்லத் தொடங்கியதும், மகாதேவி காலை வெளியே எடுத்துவிட்டு, பைக்குள் இருந்ததைத் துணிக்குள்ளால் பேசினில் இறக்கினாள். லூர்த்தம்மா கண்டுவிட்டாள். சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

நேரம் வந்ததும் சாமி துணியின் ஓரத்தைத் தூக்கி, சேற்று நிறத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். இந்த அம்மாவுக்கு நாரிப்பிடிப்பு, முழங்கால் வாதம், இளம் வயதில் தின்ற நண்டும் கணவாயும், புருசனோடு கோபித்த கோபமெல்லாம் ஈரலில் கட்டியாய்க் கிடக்கிறது, இன்னும் ஏழு தடவை வந்தால்தான் தீரும் என்றார்.

மகாதேவி துணியை முழுவதாக நீக்கினாள். பேசினுக்குள் ஒரு சின்னப் பூசணிக்காய் மிதந்தது.

"இதுக்குத்தான் சாமி இவ்வளவு வருத்தமும். இது எப்ப நண்டு திண்டது?"

 லூர்த்தம்மாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வெடித்தது. ஆனால் தெளிநீர் அடிகள் இலேசான ஆள் இல்லை. பூசணிக்காய் கண்ணூறு நாவூறை இழுக்கும் காய், இந்தக் கூடத்தில் எல்லாருடைய நஞ்சையும் அது இழுத்துவிட்டது என்றார். நம்புவீர்களோ தெரியாது, பாதிப்பேர் தலையாட்டினார்கள். இரண்டு பேர் எழுந்து கும்பிட்டும் விட்டார்கள்.

அப்போது அருளம்பலம் எழுந்தார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. வேறு பேசினில் புதுத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். காயும் வேண்டாம், காலும் வேண்டாம், தண்டை மட்டும் வையுங்கோ என்றார். நேரம் முடிந்துவிட்டது, தியானத்துக்குப் போகவேண்டும் என்று சாமி எழும்பப் பார்த்தார். பின்னுக்கு நின்ற சனம் முன்னுக்கு வந்து வழியை மறித்துக்கொண்டது. தியானம் தள்ளிப்போனது.

எல்லாரும் குனிந்து நின்று பார்த்தார்கள். தண்டைச் சுற்றி முதலில் மஞ்சளாய் ஒரு புகை, பிறகு மண்ணிறம், பிறகு நுரை. யாரும் தின்னாத ஆட்டிறைச்சி, யாரும் விழுங்காத குளிசை. அருளம்பலம் தண்டைப் பிடுங்கி விரலால் வழித்தார். விரல் முழுக்கக் கறள், இரும்பில் பிடித்த துரு. வயரைப் பிடித்துக்கொண்டு போன லூர்த்தம்மா, சாமியின் பீடத்துப் பட்டுத்துணியைத் தூக்கினாள். கீழே மந்திரம் இருந்தது: ஒரு கார் பற்றரி.

யாரும் அடிக்கவில்லை. சிரிப்பே போதுமாக இருந்தது. சாமி வேட்டியை மடித்துக் கட்டியபோது உள்ளே நீலக் காற்சட்டை தெரிந்தது. அப்படியே தன் வான் வண்டிக்குள் ஏறிவிட்டார். ஆனாலும் ஒருவர் பின்னால் ஓடிப்போய், இனி எந்த ஊரில் இருப்பீர்கள் என்று கேட்டதை நானே பார்த்தேன்.

அங்கிருந்து மகாதேவி அருளம்பலத்தை நேரே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புண்ணைக் கழுவிக் கட்டிய டொக்டர், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் விரல் போயிருக்கும் என்றார்.  வீட்டு வாசலில் அருளம்பலம் நின்று கேட்டார்:

"நீர் புண்ணைக் கண்ட அண்டைக்கே ஏன் வந்து கத்தேல்லை?"

"கத்தியிருந்தால் கேட்டிருப்பியளோ? நீங்கள் கண்ணாலை பாத்தால்தானே நம்புவியள். காட்டினன்."

புண் ஆறியபின் இருவரும் மறுபடியும் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். சில நாள் சந்திவரை, சில நாள் பாதிவழி. மாதத்தில் ஒருமுறை மிதிவெடியும் உண்டு, இருவருக்கும் ஒன்று. சபதம் கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கிறது. ஆனால் ஓடுகிறது.

நெல்லியடிப் பக்கம் இப்போது வேறொரு பனர் கட்டியிருக்கிறார்கள். இமயமலையில் எடுத்த கல்லாம்; இடுப்பில் கட்டிக்கொண்டால் உடம்பு நிறை தானாகக் குறையுமாம். சனம் குவிகிறது. போகிறவர்கள் போங்கள், தடுக்கவில்லை. வாங்குவதற்கு முதல் அந்தக் கல்லை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒருமுறை தராசில் ஏறிப் பாருங்கள். முள் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கச் சாமி தேவையில்லை.